பாய்மரப் பூண்

லேத்து முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் வாயில் கடிபட்ட பித்தளைத் துண்டிலிருந்து பொன்னிறச் சுருள்கள் உதிர்ந்து இளையவரின் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேலையின்மேல் நிழலொன்று விழுந்த பிறகே, அண்ணி பட்டறைக்குள் வந்து நிற்பதை அவர் அறிந்தார். விசையை அணைத்தார். சக்கரம் தன் வேகம் தானே தணிந்து ஓயும்வரை காத்திருந்தார்.

“அண்ணன் திருப்பி அனுப்பிட்டாரா?”

“அனுப்பிட்டார் தம்பி.”

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிறியதொரு கண்மருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே, பஞ்சின்மேல், முந்தின நாள் இளையவர் கொடுத்தனுப்பிய பூண் கிடந்தது. மாதிரிக் கப்பலின் நடுப் பாய்மரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே இறுக வேண்டிய வளையம் அது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நான்கு கயிறுகளைக் கட்டுவதற்கு அதன் புறத்தே நான்கு காதுகள் வைத்திருந்தார். ஒவ்வொரு காதிலும் ஊசி நுழையும் துளை.

“என்னவாம்?”

“கொஞ்சம் பெரிசாம்.”

“பெரிசா? அவர் அனுப்பின அளவுதானே அண்ணி இது?”

“எனக்கு என்ன தெரியும்? தபாலாபீஸ்காரர் பொண்டாட்டி, நான் தபால் பெட்டி. போட்டதை வாங்கிக்குவேன், எடுத்ததைக் குடுப்பேன்.”

வழக்கமாக இதைச் சொல்லும்போது அண்ணி சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. கண்ணிமைகள் தடித்திருந்தன.

“எப்படி இருக்கார்?”

“காலையில ரெண்டு வாய் பால் இறங்குச்சு. அப்புறம் வேண்டாம்னுட்டார். டாக்டர் வந்து பாத்துட்டு, இனிமே வீட்டுலயே வச்சுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மூச்சு மட்டும் அடுப்பு ஊதுற மாதிரி வருது.”

இளையவர் பூணை உள்ளங்கையில் உருட்டினார்.

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

ஒவ்வொரு முறையும் அவர் கேட்கும் கேள்வி அது. ஒவ்வொரு முறையும் அண்ணி இல்லையென்று தலையசைப்பார். இன்று தலையசைக்கவில்லை.

“மரத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியுமாம்.”

“அதானே! பாக்காமலே செய்யறேன்னு ஒரு குத்து. படுத்துக்கிட்டும் விடமாட்டார்.”

அண்ணி எதையோ சொல்ல வாயெடுத்து, உதட்டை மடித்துக்கொண்டார். பட்டறைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டபடி ஒரு கணம் நின்றார்.

“சீக்கிரம் தம்பி.”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்னு சொல்லுங்க.”

பிணக்கின் முதலாண்டில் அண்ணி இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சியவர். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கணவரிடமும், “நீங்க நடுவுல வராதீங்க அண்ணி” என்று கொழுந்தனிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றோடு ஒரு விரதம்போல் முடிவெடுத்தார். கொடுத்ததைக் கொண்டுபோவது, சொன்னதைச் சொல்வது. தன் சொல்லாக ஒன்றும் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு தெருவின் இரு முனைகளில் வாழ்ந்த உடன்பிறப்புகளுக்கிடையே நடந்த பேச்செல்லாம் அந்தக் கண்மருந்து டப்பாவின் கொள்ளளவுக்குள் அடங்கிப்போயிற்று.

கப்பல் முதன்முதலில் புறப்பட்டது முடிதிருத்தும் கடையிலிருந்து. அங்கே சுவரில் தொங்கிய நாட்காட்டியில் மும்மரக் கலமொன்று, விரித்த பாய்களோடு, யாரும் காணாத திசைக்குச் சென்றுகொண்டிருந்தது. அப்போது மூத்தவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் சேர்ந்த புதிது. உலகத்துத் துறைமுகங்களின் பெயரெல்லாம் அவர் விரல்நுனி வழியே ஓடின. அவரோ ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். குழாய்த் திருகு செய்யும் ஆலையில் லேத்து ஓட்டிய இளையவர், வெட்டி மிஞ்சிய பித்தளை நுனிகளைக் கேட்டு வாங்கி வந்தார். கயிறு மூத்தவருக்கு, பித்தளை இளையவருக்கு என்று யாரும் பங்கு பிரிக்கவில்லை. நீர் தன் மட்டம் தேடுவதுபோல் அது தானே அமைந்தது.

படத்தில் கப்பலின் ஒரு பக்கம்தான் தெரிந்தது.

“அந்தப் பக்கமும் இந்தப் பக்கம் மாதிரிதான்டா இருக்கும்” என்பார் மூத்தவர்.

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“நீ பாத்தியா?”

“அதான் சொல்றேன். ரெண்டு பேருமே பாக்கல.”

மரத்தின் இருபுறமும் இறங்கும் பக்கக் கயிறுகளை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒருபுறம் முந்தினால் மரம் அந்தப் பக்கம் சாயும். மேசையின் இருமருங்கும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து இழுப்பார்கள். மூத்தவர் தேன்மெழுகு தடவிய நூலை விரலில் சுற்றிக்கொண்டு, ஏதேனுமொரு துதிப்பாடலை வாய்க்குள் முணுமுணுப்பார். பாடலின் ஓரடி முடியுமிடத்தில் முடிச்சு இறுக வேண்டும்; அதுவே கணக்கு. இளையவர் பாடமாட்டார். அண்ணனின் உதட்டைப் பார்த்தே தம் பக்கத்தை இறுக்குவார்.

ஒருநாள் தபால் நிலையத்து மேலதிகாரி கப்பலைப் பார்க்க வந்தார். கப்பிகளையும், தளத்தில் நிரல்பட நின்ற குறும்பீரங்கிகளையும் குனிந்து நோக்கி வியந்தார். “இந்தப் பித்தளை வேலையெல்லாம் யாரு?” என்று கேட்டார்.

“நம்ம தம்பிதான் சார். சும்மா, கூடமாட உதவிக்கு.”

அன்று மாலையே இளையவர் தம் அரங்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். நாளைக்கு வந்துவிடுவான் என்று மூத்தவர் இருந்தார். வந்து கூப்பிடட்டும் என்று இளையவர் இருந்தார். அந்த நாளை வரவேயில்லை. அதன்பின் இருவர் தலையும் நரைத்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஆலை மூடி இளையவர் சொந்தப் பட்டறை போட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. வேண்டிய பொருளின் அளவைத் துண்டுத் தாளில் வரைந்து மூத்தவர் அனுப்புவார். இளையவர் செய்து அனுப்புவார்.

முதலில் அனுப்பிய கொக்கி, சரியில்லையென்று திரும்பி வந்தது. இளையவர் கொதித்துப்போய் வெர்னியர் வைத்து அளந்தார். குறையொன்றுமில்லை. சில நாள் மேசையில் போட்டு வைத்து, உப்புத்தாளால் ஒரு துடைப்புத் துடைத்து, அதையே மறுபடி அனுப்பினார். “இப்ப சரியா இருக்காம்” என்று அண்ணி வந்து சொன்னார். அடுத்ததும் அப்படியே. மூத்தவன் என்று காட்ட ஒருமுறை திருப்பினால்தான் அவருக்குத் தூக்கம் வருமென்று இளையவர் முதலில் வைதார். பின் அது விளையாட்டென்று எடுத்துக்கொண்டார். காலப்போக்கில், ஒரு பொருள் திரும்பி வரத் தாமதமானால் பட்டறை வாசலை எட்டிப் பார்க்கலானார். ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள்கள் வெறுமையாய் இருந்தன; திருப்பப்பட்ட நாள்களில் அண்ணன் தன்னை நினைத்திருக்கிறார் என்பது உறுதி. அந்தத் தெருமுனைக்குப் போக நேரும்போதெல்லாம் சன்னலருகே அவர் நடை தளரும். முணுமுணுப்பு கேட்கிறதா என்று செவி தேடும். சில மாலைகளில் கேட்டதுண்டு.

இன்று அவர் பூணை வெர்னியரில் வைத்தார். அளவு அப்படியே இருந்தது. எப்போதும்போல் துடைத்து அனுப்பிவிடலாம். கை உப்புத்தாளை எடுத்தும் விட்டது. அப்போதுதான் அண்ணி சொன்ன மூச்சு நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடந்தபடி, யாரையோ கொண்டு மரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார். விளையாடுகிற நிலையிலா இருக்கிறார்? மெய்யாகவே பெரிதாக இருந்துவிட்டால்? மரம் நாள்பட்டு வற்றியிருக்கலாம். மரம் வற்றினால் பூண் கழலத்தானே செய்யும். இத்தனை ஆண்டும் ஒருமுறையேனும் அவர் சொன்னபடி செய்ததில்லையே என்று இளையவருக்கு உறுத்தியது.

கூடவே இன்னொன்றும் தோன்றியது. மரத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாராமே. அதையே சாக்காக வைத்துக்கொண்டு நேரில் போனால் என்ன? ‘வச்சுப் பாக்கணும்னு சொன்னீங்களாம், அதான் வந்தேன்.’ அழைக்காமல் போனதாகவும் ஆகாது, மண்டியிட்டதாகவும் ஆகாது. தம் புத்தியை எண்ணி அவருக்கே வியப்பாக இருந்தது. ஆனால் கையில் சரியான பூண் இல்லாமல் எப்படிப் போவது? பழையதையே நீட்டினால் அண்ணன் முகத்தில் என்ன தெரியும்? முதலில் வேலை. பிறகு போகலாம்.

நூல் ரம்பத்தால் பூணின் இணைப்பை அறுத்துப் பிரித்தார். ஒரு நூலிழைக்கும் குறைவாக அரத்தால் தேய்த்தார். முனைகளை நெருக்கிக் கம்பியால் கட்டி, ஒட்டவைக்கும் வெள்ளிப் பற்றாசுத் துணுக்கை வைத்து, ஊதுகுழலின் சுடரைச் செலுத்தினார். இத்தனை சிறிய பொருளில் சூடு ஒரு கணம் மிகுந்தாலும் காதுகள் உருகிச் சாய்ந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“பெரியவருக்கு ரொம்ப முடியலையாம். தெருவே பேசுது.”

“தெரியும்.”

“போய் எட்டிப் பாத்துட்டு வந்தா கால் தேஞ்சுடுமா?”

“போகத்தான் போறேன். இதை முடிச்சுட்டு.”

“என்னது?” அவள் நிமிர்ந்தாள். “கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க. இங்க கவுழாத கப்பலுக்கு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்தீங்க. இப்பவாவது எடுத்தீங்களே! வேற சட்டை எடுத்து வைக்கிறேன். இந்த எண்ணெய்ச் சட்டையோட போயிடாதீங்க.”

“வெள்ளை வேண்டாம். அந்த நீலத்தை எடு.”

அவள் போனபின் பூணை எலுமிச்சைச் சாற்றில் போட்டார். கருமை கரைந்து பித்தளை முகம் காட்டிற்று. இணைப்பை மென்மையான அரத்தால் தடவினார். நகத்தை ஓட்டிப் பார்த்தாலும் தையல் தட்டுப்படவில்லை. மாவுக்கல் பொடியால் மெருகிட்டார். சன்னல் வெளிச்சம் மேசையைவிட்டுச் சுவரேறியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வச்சுப் பாக்கணும்னு சொன்னீங்களாம்.’ ‘சொன்னீங்களாமே.’ எது பொருத்தம்? ‘மே’ வேண்டாம்; குத்தலாகப் படும்.

நீலச் சட்டையணிந்து, டப்பாவைச் சட்டைப் பையிலிட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தார். தையற்கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். எதிரில் வந்த இருவர் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார்கள். இந்தத் திக்கில் என்னைக் கண்டு வியக்கிறார்கள் என்று எண்ணி அவர் நடையைக் கூட்டினார். அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துகிடந்தன.

அவர் நின்றார். உள்ளங்கை சட்டைப் பையின்மேலேயே இருந்தது.

யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அப்படியொரு வீட்டில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. பின்னால் வந்தவர் வழிவிடக் காத்து நின்றதால் இளையவர் படியேறினார்.

முன்னறையில் கட்டிலில் மூத்தவர் கிடந்தார். முகம் இத்தனை சிறுத்திருக்குமென்று இளையவர் எண்ணியிருக்கவில்லை. நூலிழுத்து இழுத்துத் தழும்பேறிய ஆட்காட்டி விரல் மட்டும் பழையபடியே இருந்தது. தலைமாட்டில் அமர்ந்திருந்த அண்ணன் மகள் அவரைக் கண்டதும் எழுந்தாள்.

“சித்தப்பா…”

மேலே சொல்லாமல் அவர் தோளில் முகம் புதைத்தாள். அவர் அவள் தலையைத் தடவினார். தடவிய விரல்களில் மாவுக்கல் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

“எப்பம்மா?”

“இப்பதான் சித்தப்பா. கொஞ்ச நேரம் முன்னாடி. மத்தியானம் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார். தலையணையை உசத்தி வைன்னார். வச்சேன். அப்பவும் தெரியலைன்னார். கட்டிலையே திருப்பிப் போட்டோம்.”

இளையவர் கட்டிலைப் பார்த்தார். அது சுவரோரமாக இல்லை. அறைக்குக் குறுக்கே, வாசலை நோக்கிக் கிடந்தது.

ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியில் முடிதிருத்துபவர் தடியை ஊன்றி அமர்ந்திருந்தார். மூத்தவருக்கு அவர் வாலிபத்திலிருந்தே நண்பர். இளையவர் கையைப் பற்றித் தம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“என் கடைக் காலண்டர்லருந்து கௌம்பின கப்பல்டா அது. இத்தனை வருஷமா ஒரு துறைமுகமும் போய்ச் சேரல. போன வாரம் முடி வெட்ட வந்தேன். ‘இன்னும் முடியலையா?’ன்னு கேட்டேன். ‘முடிச்சுட்டா அவன் எதை அனுப்புவான்?’ங்குறான். அவன் தலையைப் பிடிச்சு நிறுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்துச்சு. அப்பவும் வாசல் பக்கம் திருப்பிக்கிட்டே இருந்தான்.”

கிழவர் தம் கைக்குட்டையைத் தேடினார். இளையவர் எழுந்து உள்ளறைக்குப் போனார்.

கப்பல் சன்னலோரம் நின்றது. விட்டுச் சென்றபோது உடலும், மூன்று நட்ட கம்பங்களும், சில பக்கக் கயிறுகளும், கப்பிகளும் பீரங்கிகளுமாய் இருந்தது. இப்போது சிலந்தியும் நாணும் நுண்மையில் கயிறுகள் அதைச் சூழ்ந்திருந்தன. கப்பிதோறும் கயிறு, கொக்கிதோறும் சுருள், தளத்து முளைகளில் மடித்துத் தொங்கவிட்ட கயிற்றுப் பின்னல்கள். அவர் செய்தனுப்பியவை ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் இருந்தன. குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். நடு மரத்தின் உச்சி மட்டும் மொட்டையாய் நின்றது. கீழே, அளந்து வெட்டி மெழுகிட்ட நான்கு நூல்கள், முனையில் சுருக்கோடு, பூணின் காதுகளுக்காகக் காத்துத் தொங்கின.

அண்ணி பின்னால் வந்து நின்றிருந்தார்.

“அண்ணி, நான் வர்றதுக்குள்ள…”

“நான் எதையும் கூட்டிச் சொல்ற வழக்கமில்ல தம்பி. உங்களுக்குத் தெரியும்.” குரல் தணிந்திருந்தது. “இன்னைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில டப்பாவைக் குடுத்துட்டு, ‘பெரிசுன்னு சொல்லு’ன்னார். நான் எந்திரிச்சேன். திரும்பக் கூப்பிட்டார். ‘மரத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்னு சொல்லு. அவன் புத்திசாலி, வந்துருவான்’னார்.”

இளையவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போயிற்று.

“போட்டுப் பாத்தாரா அண்ணி? பெரிசுன்னு…”

“எங்க போட்டார்? டப்பாவைத் திறக்கவே இல்ல. நேத்து நீங்க குடுத்தபடியே தலையணைக்கு அடியில இருந்துச்சு.”

அண்ணி அவர் சட்டைப் பையைப் பார்த்தார்.

“கொண்டு வந்திருக்கீங்களா?”

“ம்.”

“போட்டுடுங்க தம்பி. அவரை எடுக்குறதுக்கு முன்னாடி. அவர் கட்டி வச்சதெல்லாம் அப்படியே தொங்குது. பாக்க முடியல.”

டப்பாவைத் திறந்தார். அண்ணி பஞ்சைப் பிடித்துக்கொண்டார். பூணைச் சாமணத்தால் கவ்வி, மற்ற கையை மேசைமேல் ஊன்றி, மரத்தின் உச்சியில் நுழைத்தார். அது வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. மேலே ஒல்லியாகிக் கீழே தடிக்கும் மரம் அது. ஒவ்வொரு வளையத்துக்கும் அதில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. சிறுத்துவிட்ட பூண் தன் அளவுக்கான இடத்தில் நின்றது. அசைத்தார். அசையவில்லை. பழுதற்ற பிடிப்பு.

நூலொன்றை எடுத்து அதன் சுருக்கைக் காதுக்கு நீட்டினார். எட்டவில்லை. மற்றொன்றை எடுத்தார். அதுவும் ஓர் எள்ளளவு தள்ளியே நின்றது.

“சரியா இருக்கா தம்பி?”

அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். கண்ணாடி மூக்கில் சரிந்து வந்தது. அதை ஏற்றிக்கொள்ளவில்லை.

“சரியா இருக்கு அண்ணி.”

“அப்போ முன்னாடி அனுப்பினது?”

“அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு.”

அண்ணி மெல்லத் தலையசைத்தார். காலிப் பஞ்சை டப்பாவில் வைத்து மூடினார். முன்னறையில் நாற்காலிகளை நகர்த்தும் ஒலி எழுந்தது. வெளியே உறவினர்களின் வண்டி வந்து நின்றது.

“தம்பி,” என்று முடிதிருத்துபவரின் குரல் கேட்டது. “உள்ள என்ன பண்றே? வாப்பா. உங்கண்ணன் பக்கத்துல வா.”

“இதோ வர்றேன்.”

வர்றேன் என்றவர் நகரவில்லை. நூலை விட்டுவிட மனமின்றி, சுருக்கை விரல்நுனியில் காதுக்கு நேரே ஏந்தியபடி நின்றார். மரம் முழுவதற்கும் மூத்தவர் எண்ணெய் பூசி மெருகேற்றியிருந்தார். பூண் பற்றி நிற்க வேண்டிய இடத்தை மட்டும் ஒரு சுற்று பூசாமல் விட்டிருந்தார். பித்தளைக்குச் சற்றுக் கீழே அந்த இடம், மோதிரம் கழற்றிய விரலின் தோல்போல், வெளுத்துத் தெரிந்தது.